நீராவிப் பொறி வல்லார் இருவர்

(இராயபுரத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

    

யான் பள்ளியில் தமிழ் கற்பிப்பவன். இலக்கணமும் இலக்கியமுமே என் கைப்பொருள். இயந்திரம் செய்தாரைக் குறித்து இவ்வவையில் பேசவேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, "கொல்லன் தெருவில் ஊசி விற்க என்னை அனுப்புகின்றீர்களே" என்று தயங்கினேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஐயா, தங்கள் பாட்டனார் ரெயில் என்ஜினுக்கு வால்வு திருத்தியவர். தாங்கள் ஊசியேனும் விற்கக் கூடாதா?" என்றார். அதற்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை. ஆகவே உங்கள் முன் நிற்கின்றேன். குற்றங் காணின் பொறுத்தருள்க.

நாம் கூடியிருக்கும் இம்மண்டபத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இராயபுரம் ரெயில் நிலையம் இருக்கின்றது. 1856-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள், தென்னிந்தியாவின் முதற் புகைவண்டி அங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரையில் ஓடிற்று. ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவு அது. இந்நாட்டில் இன்றளவும் நிலைத்து நிற்கும் ரெயில் நிலையக் கட்டடங்களுள் அதுவே மிகப் பழையது. அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. அதன் கட்டுமான வேலை 1876-ஆம் ஆண்டில்தான் தொடங்கிற்று. அதற்கு முன்பெல்லாம் நடுக்கடலில் நின்ற கப்பலிலிருந்து சரக்கை மசூலாப் படகுகளில் ஏற்றி, அலையை வென்று கரை சேர்த்தவர் நம் கடற்கரை மக்களே.

என்ஜின் சீமையிலிருந்து வந்தது. அதனால் நம்மிடையே ஓர் எண்ணம் வேரூன்றிவிட்டது. 'நீராவிப் பொறியை வெள்ளையர் கண்டனர். நாம் கண்டு வியந்தோம். பின்னர் அதற்குக் கூலி வேலை செய்தோம்' என்பதே அவ்வெண்ணம். இது முழு உண்மையன்று. இராயபுரத்தில் புகைவண்டி ஓடுவதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே, இந்நாட்டுக் கொல்லர் ஒருவர் தம் கையால் நீராவிப் பொறி செய்து பலர் அறியக் காட்டினார். 15 ஆண்டுகளுக்கு முன்பே, இந்நாட்டுக் கப்பல் தச்சர் வழியில் வந்த ஒருவர் அரசாங்க நீராவிப் பட்டறைக்குத் தலைமை எஞ்சினீயராக அமர்ந்தார். அவ்விருவரையும் பற்றிச் சில சொற்கள் கூறி, அவர்கள் வாழ்க்கையிலிருந்து நம் சங்கம் கொள்ளத்தக்கது யாது என்பதை உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

முதற்கண் பொறியின் இயல்பைச் சிறிது காண்போம்.

தமிழில் 'உலை' என்னுஞ் சொல் இரு பொருள் தரும். கொல்லன் இரும்பு காய்ச்சும் இடமும் உலை. சோறு ஆக்க நீர் கொதிக்கும் பானையும் உலை. நீராவிப் பொறியோ இவ்விரண்டு உலைகளையும் ஒன்றாக்கியது. கொதிக்கும் உலையின் மூடி தாளமிடுவதை நம் தாய்மார்கள் நாள்தோறும் காண்கின்றனர். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு இடத்தை விரும்புகின்றது. இடம் கொடாவிட்டால் தள்ளுகின்றது. அவ்வாவியையே குளிர்வித்தால் மீண்டும் சிறிது நீராகச் சுருங்கி, தான் நிறைந்திருந்த இடத்தை வெற்றிடமாக விட்டுவிடுகின்றது. அப்போது வெளியிலுள்ள காற்று உள்ளே அழுத்துகின்றது. ஆவியின் தள்ளுதலும் காற்றின் அழுத்தமுமாகிய இவ்விரண்டையும் ஒரு சிலிண்டருக்குள் பிடித்து, பிஸ்டனை ஏறியிறங்கச் செய்வதே நீராவிப் பொறியின் சூத்திரம்.

இச்சூத்திரத்தைத் தொழிலாக்கிக் காட்டியவர் தாமஸ் நியூகோமன். அவர் இங்கிலாந்தில் டார்ட்மத் என்னும் ஊரில் இரும்புச் சாமான் வாணிகம் செய்தவர். 1712-ஆம் ஆண்டில் டட்லி என்னும் ஊருக்கு அருகில் நிலக்கரிச் சுரங்கத்து நீரை இறைப்பதற்குப் பொறி ஒன்றை அமைத்தார். சிலிண்டரில் ஆவியை நிரப்பி, அதனுள்ளேயே குளிர்ந்த நீரைத் தெளித்தார். ஆவி சுருங்க, காற்று பிஸ்டனைக் கீழே அழுத்த, நம் ஏற்றமரம் போன்ற ஒரு மரத்தின் மறுமுனை மேலெழுந்து நீரை இறைத்தது. ஆயினும் அதில் பெருங்குறை ஒன்று இருந்தது. ஒவ்வொரு முறையும் சிலிண்டரைச் சுடவைத்துக் குளிர்வித்து மறுபடியும் சுடவைக்க வேண்டியிருந்தமையின், நிலக்கரி வண்டி வண்டியாக வீணாயிற்று.

அக்குறையைக் கண்டு களைந்தவர் ஜேம்ஸ் வாட்டு. 1736-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் பிறந்த அவர், கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் நுண்ணிய கருவிகளைச் செய்தும் செப்பனிட்டும் வாழ்ந்த கைத்தொழிலாளர். 1763-ஆம் ஆண்டில் நியூகோமன் பொறியின் சிறிய மாதிரி ஒன்று பழுது பார்க்க அவரிடம் வந்தது. அதனைச் செப்பனிடும்போதே, அது ஏன் இவ்வளவு ஆவியை விழுங்குகின்றது என்று ஆராயத் தலைப்பட்டார். 1765-ஆம் ஆண்டில் விடை தோன்றிற்று. சிலிண்டரை எப்போதும் சூடாகவே வைத்து, ஆவியைத் தனியே வேறொரு கலத்தில் செலுத்திக் குளிர்விக்கலாம் என்று கண்டார். 1769-ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

ஈண்டு ஒன்று கவனிக்கத் தக்கது. கருத்துத் தோன்றிய பிறகும் பொறி உடனே ஓடவில்லை. சிலிண்டரின் உட்புறம் சரியான வட்டமாக அமையாமையின், பிஸ்டனைச் சுற்றி ஆவி ஒழுகிற்று. ஜான் வில்கின்சன் என்னும் இரும்பு வார்ப்படத் தொழிலதிபர் பீரங்கிக் குழலைக் குடைவதற்கு நல்லதொரு கருவி கண்டிருந்தார். அவர் வாட்டுக்குச் சிலிண்டரைச் செம்மையாகக் குடைந்து கொடுத்த பின்னரே, 1776-ஆம் ஆண்டில் பொறிகள் வேலைக்கு வந்தன. அறிவு ஒருவரிடம் பிறந்தது. மற்றொருவர் கைதான் அதற்கு உயிர் கொடுத்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனிடம் மீண்டும் வருவேன்.

நிற்க. இனி நம் நாட்டிற்கு வருவோம்.

வங்காளத்தில், கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் சீராம்பூர் என்னும் ஊர் உண்டு. அங்கே வில்லியம் கேரி முதலிய பாதிரிமார் அச்சுக்கூடமும் காகித ஆலையும் வைத்திருந்தனர். காகித ஆலையை ஓட்டுவதற்காக இங்கிலாந்திலுள்ள போல்ட்டன் நகரத்திலிருந்து ஒரு நீராவிப் பொறியை வரவழைத்து 1820-ஆம் ஆண்டில் நிறுவினர். இந்தியாவுக்கு வந்த தொடக்க காலப் பொறிகளுள் அஃது ஒன்று.

ஆற்றின் எதிர்க்கரைப் பக்கத்தில், பாரக்பூருக்கு அருகே டிட்டாகர் என்னும் ஊரில் கோலக் சந்திரர் என்னும் கொல்லர் ஒருவர் வாழ்ந்தார். அவர் நீராவிப் பொறி ஒன்றைத் தாமே செய்தார். 1828-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கல்கத்தாவில் வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தார் நடத்திய கண்காட்சியில் அப்பொறி வைக்கப்பட்டது. ஐரோப்பியத் தொழிலாளர் எவருடைய உதவியுமின்றி அவர் அதனைச் செய்தார் என்று அச்சங்கத்தார் வியந்து குறித்து, அவருக்கு 50 ரூபாய் பரிசு அளித்தனர்.

அன்பர்களே! உலைக்களத்தில் நின்று பழகிய பெரியவர்கள் பலர் இங்கே அமர்ந்திருக்கின்றீர்கள். அந்தக் கொல்லர் செய்த செயலின் அருமை, என்னைக் காட்டிலும் உங்களுக்கே நன்கு விளங்கும். தகட்டை வளைத்துத் தறைந்து பாய்லர் ஆக்கவேண்டும்; தறைந்த மூட்டில் ஆவி கசியலாகாது. சிலிண்டர் வட்டம் பிசகலாகாது. பிஸ்டன் இறுகினால் நகராது. தளர்ந்தால் ஆவி நழுவும். வால்வு திறக்கும் காலமும் மூடும் காலமும் பிஸ்டனின் போக்கோடு ஒத்துவரவேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் அப்பொருள் இரும்புக் குவியலேயன்றிப் பொறியன்று. காணும் கண்ணும், கண்டதைச் செய்யும் கையும் அவரிடம் எவ்வளவு திறம்பட இருந்திருத்தல் வேண்டும்!

அதற்குப் பிறகு என்ன நிகழ்ந்தது? அதற்குப் பிறகு வரலாறு அவரைப் பற்றிப் பேசவில்லை. பெயர், ஊர், தொழில், பரிசு என்ற நான்கும், கண்காட்சி நடத்தியவர் எழுதிவைத்தமையால் நமக்குக் கிடைத்தன. அவரைப் பற்றிப் பிறர் எழுதினர்; அவர் எழுதவில்லை. ஐம்பது ரூபாயைக் கொடுத்தவர்கள் ஒரு பட்டறையைக் கொடுத்திருந்தால், பத்து மாணாக்கரைக் கொடுத்திருந்தால், இந்நாட்டின் தொழில் வரலாறு வேறொரு வழியில் சென்றிருக்கலாம். பரிசு வேறு, ஆதரவு வேறு. பரிசு ஒரு நாளைச் சிறப்பிக்கும். ஆதரவு ஒரு வாழ்வைச் சிறப்பிக்கும்.

இனி இரண்டாமவர் வரலாற்றைக் கேளுங்கள்.

இன்று மும்பை எனப்படும் பம்பாயில், 1808-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6-ஆம் நாள் அர்தசீர் கர்சத்ஜி வாடியா பிறந்தார். இவர் பார்சி மரபினர். இவருடைய முன்னோராகிய லவ்ஜி நஸர்வான்ஜி என்பார் 1736-ஆம் ஆண்டில் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்டியவர். அது முதல் அக்குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் பம்பாய்க் கப்பல் துறையில் தலைமைத் தச்சராக விளங்கினர். அவர்கள் 1817-ஆம் ஆண்டில் தேக்கு மரத்தால் கட்டிய 'திரிங்கோமலி' என்னும் போர்க்கப்பல், இங்கிலாந்தில் இன்றும் மிதந்துகொண்டிருக்கின்றது. அதன் பெயர் நம் திருகோணமலையின் பெயரே.

அர்தசீர் இளமையிலேயே தந்தையாரோடு கப்பல் துறையில் தொழில் பழகினார். ஆயினும் அவர் மனம் பாய்மரத்தில் ஊன்றவில்லை, நீராவியில் ஊன்றிற்று. முன்னோர் தேடிவைத்த பெயரும் தொழிலும் கையருகே இருக்க, புதியதொன்றை நாடுவது எளிதன்று. முதலில் ஒரு குதிரைத் திறனுள்ள சிறு பொறியைத் தாமே செய்தார். 1833-ஆம் ஆண்டில், தமது 25-ஆம் வயதில், 60 டன் கொள்ளத்தக்க 'இண்டஸ்' என்னும் சிறு கப்பலில் 10 குதிரைத் திறனுள்ள நீராவிப் பொறியைப் பொருத்திக் கடலில் விட்டார். அடுத்த ஆண்டில் மஸகானிலிருந்த தம் வீட்டையும் தோட்டத்தையும் வாயு விளக்குகளால் ஒளிபெறச் செய்தார். ஊரார் திரண்டு வந்து கண்டு வியந்தனர்.

அவ்வியப்போடு அவர் நின்றுவிடவில்லை. தாம் கற்றது கைம்மண்ணளவு என உணர்ந்தார். 1839-ஆம் ஆண்டில் எகிப்து வழியாக இங்கிலாந்துக்குச் சென்றார். அங்கே பட்டறைகளையும் வார்ப்படச் சாலைகளையும் கப்பல் துறைகளையும் கண்டு, நீராவிப் பொறித் தொழிலை முறையாகப் பயின்றார். பயணத்தில் தாம் கண்டவற்றை நாட்குறிப்பாக எழுதினார். அந்நூல் 1840-ஆம் ஆண்டில் இலண்டனில் அச்சாயிற்று. கொல்லுலைக் கரி படிந்த கை எழுதுகோலையும் பிடித்தது என்பதை ஈண்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

1841-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் முதல் நாள், பம்பாய் நீராவிப் பட்டறையின் தலைமை எஞ்சினீயராகவும் இயந்திரங்களின் கண்காணிப்பாளராகவும் பதவி ஏற்றார். அப்பட்டறையில் அவருக்குக் கீழே ஆங்கிலத் தொழிலாளரும் வேலை செய்தனர். வெள்ளையர் ஏவ இந்தியர் செய்வதே முறையென்றிருந்த காலத்தில், இந்தியர் ஏவ வெள்ளையர் செய்வதென்பது எத்துணைப் பெரிய மாறுதல்! 'இந்நாட்டார் ஒருவர் இப்பொறுப்பைத் தாங்க வல்லரா?' என்று அக்காலத்து ஆங்கிலப் பத்திரிகை ஒன்று ஐயம் எழுப்பிற்று. அர்தசீர் 1857-ஆம் ஆண்டு வரையில் அப்பட்டறைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றார். ஐயத்திற்கு அவர் 16 ஆண்டுத் தொழிலால் விடை கூறினார் என்க.

அவர் பதவி ஏற்ற அவ்வாண்டிலேயே, மே மாதம் 27-ஆம் நாள், இலண்டன் ராயல் சொசைட்டி என்னும் அறிவியற் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அப்பெருமை பெற்ற முதல் இந்தியர் அவரே. அடுத்த இந்தியர் அவ்விடத்தை அடைய 77 ஆண்டுகள் ஆயின. அவ்விரண்டாமவர் யார்? 1912-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நம் சென்னைத் துறைமுகக் கழகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்த சீனிவாச ராமானுஜனே அவர்! 1918-ஆம் ஆண்டில் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதலாமவர் கப்பல் துறையிலிருந்து சென்றார்; இரண்டாமவர் துறைமுக அலுவலகத்திலிருந்து சென்றார். துறைமுகத்து மக்களாகிய நாம் இதனை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டாவா?

அர்தசீர் 1849-ஆம் ஆண்டில் அமெரிக்காவுக்கும் சென்று, மரம் அறுக்கும் இயந்திரங்களைக் கண்டு வாங்கி வந்தார். தம் வீட்டிலேயே வார்ப்படச் சாலை ஒன்றை வைத்திருந்தார். அதில் உறுப்புகளைச் செய்து, 'லவ்ஜி குடும்பம்' என்று தம் முன்னோர் பெயரிட்ட நீராவிக் கப்பலை 1851-ஆம் ஆண்டில் கடலில் விட்டார். புதுமையை நாடியவர் முன்னோரை மறந்தாரல்லர். முன்னோர் பெயரைப் புதிய கப்பலின் மேல் பொறித்தார். பின்னாளில் சிந்து நதியில் நீராவிப் படகுகளை நடத்திய கம்பெனி ஒன்றிற்கு எஞ்சினீயராகவும் இருந்தார். 1877-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இங்கிலாந்தில் ரிச்மண்டு என்னும் ஊரில் காலமானார். 1969-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

அன்பர்களே! கோலக் சந்திரரும் அர்தசீரும் ஏறக்குறைய ஒரே காலத்தவர். இருவரும் தம் கையால் பொறி செய்தவர்கள். ஒருவர் பெயர் அஞ்சல் தலையில் நிற்கின்றது. மற்றவர் பெயர் ஒரு கண்காட்சிக் குறிப்பில் ஒதுங்கி நிற்கின்றது. இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? திறமையின் குறைவு என்று சொல்ல நான் துணியேன். அர்தசீருக்குக் கப்பல் துறை இருந்தது, செல்வக் குடும்பம் இருந்தது, ஆங்கிலக் கல்வி இருந்தது, எழுத்து இருந்தது. கொல்லருக்குக் கை இருந்தது. கைக்கு எழுத்தும் ஆதரவும் துணை நின்ற இடத்தில் வாழ்க்கை வரலாறு பிறந்தது. துணையில்லாத இடத்தில் ஐம்பது ரூபாயோடு முடிந்தது.

இஃது இயந்திரக் காலத்திற்கு மட்டும் உரிய செய்தியன்று. சங்க நூல்களில் கொல்லன் பலவிடத்தும் வருகின்றான். புறநானூற்றுப் புலவராகிய பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் கடமை வகுத்தபோது, கொல்லனுக்கும் ஒன்று வகுத்து அவர்களோடு ஒருங்கு நிறுத்தினார். எத்துணைப் பெருமை! ஆனால் அங்கே அவன் பெயரில்லாத கொல்லன். பெயரோடு விளங்கும் கொல்லர் யாவர்? மதுரைப் பெருங்கொல்லன், தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார். இவர்கள் பெயர் நமக்கு எப்படி வந்தது? இவர்கள் செய்த வேலும் அணியும் அழிந்து போயின. இவர்கள் செய்த செய்யுள் நின்றது. கையோடு எழுத்தும் கொண்டிருந்தமையால் ஈராயிரம் ஆண்டுகளாக வாழ்கின்றனர்.

இவ்விடத்தில் என் பாட்டனாரைப் பற்றிச் சில சொற்கள் கூறுதல் பொருந்தும். அவர் ரெயில்வேப் பட்டறையில் பிட்டராக இருந்தவர். நீராவி என்ஜின் ஓடும்போது, இரண்டு சிலிண்டர்களிலிருந்தும் ஆவி வெளியேற, சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் நான்கு ஒலி எழும். நான்கும் ஒரே அளவாக எழுந்தால் வால்வு சரி; ஒன்று நீண்டோ குறுகியோ ஒலித்தால் வால்வு பிசகிற்று என்பது பொருள். பாட்டனார் தண்டவாளத்தின் அருகே கண்ணை மூடிக்கொண்டு நிற்பாராம்; எந்தப் பக்கத்து வால்வு எவ்வளவு பிசகிற்று என்று சொல்லிவிடுவாராம். நான்கு சீர் கொண்ட அடியை அளவடி என்று நான் வகுப்பில் நாள்தோறும் கற்பிக்கின்றேன். எங்கள் பாட்டனார் யாப்பிலக்கணம் படியாமலே இரும்பில் அளவடி கேட்டவர்.

அவருக்கு எழுதத் தெரியாது. அவர் திண்ணையில் அமர்ந்திருந்த கடைசி ஆண்டுகளில், நான் பள்ளியில் முதன்மையாகப் படித்துப் பரிசுகள் பெற்றுக்கொண்டிருந்த சிறுவன். ஒரு நாளேனும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, "தாத்தா, அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்று அவர் பக்கத்தில் அமர்ந்தேனா? இல்லை. கரி படிந்த தொழிலைவிட ஏடு பிடிக்கும் தொழில் உயர்ந்தது என்று நானும் அந்நாளில் எண்ணினேன். சொல்லத் தெரிந்தவர் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவன் கேட்கவில்லை. அவர் அறிவு முழுவதும் அவரோடு காசிமேட்டுச் சுடலையில் வெந்தது. இக்குற்றம் என்னுடையது. இங்குள்ள பலருக்கும் இதில் பங்குண்டு என்று நினைக்கின்றேன்.

சிலர் கேட்கலாம்: 'நீராவிக் காலம் போயிற்றே, இனி அதைப் பேசி என்ன பயன்?' என்று. அகல இரும்புப் பாதையில் நீராவி என்ஜின்களின் அன்றாட ஓட்டம் 1995-ஆம் ஆண்டோடு நின்றது மெய்யே. ஆனால் நீராவி நம்மை விட்டு எங்கும் போய்விடவில்லை. அத்திப்பட்டில் 1994-ஆம் ஆண்டு முதல் இயங்கும் வடசென்னை அனல் மின் நிலையத்தில் நடப்பது யாது? நிலக்கரி எரிகின்றது, நீர் ஆவியாகின்றது, அவ்வாவி பிஸ்டனுக்கு மாறாக டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுகின்றது. நம் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறிக்கும் அந்த உலையில் பங்குண்டு. எண்ணூரில் 1970-ஆம் ஆண்டில் தொடங்கிய பழைய அனல் நிலையம் 2017-ஆம் ஆண்டில் மூடப்பட்டது; அங்கே வேலை செய்த பாய்லர் வல்லுநர் பலர் இன்று வீட்டுத் திண்ணையில் இருக்கின்றனர். என் பாட்டனார் இருந்த அதே திண்ணை!

மற்றுமொன்று. நீலகிரி மலை இரயிலுக்குப் பழைய என்ஜின்கள் தேய்ந்தபோது, திருச்சிராப்பள்ளி பொன்மலைப் பட்டறையில் 2011-ஆம் ஆண்டையொட்டிப் புதிய நீராவி என்ஜின்களையே செய்தனர். கோலக் சந்திரர் செய்ததை நம் தமிழ்நாட்டுத் தொழிலாளர் இந்நூற்றாண்டில் மறுபடியும் செய்து காட்டினர். கை மறந்துவிடவில்லை. மறக்க விடாமல் காப்பது யார் பொறுப்பு?

இனி நான் சொல்ல வந்த செய்திக்கு வருகின்றேன். நம் சங்கக் கட்டடத்தின் பின்புறத்தில் ஒரு பழைய பட்டறைக் கொட்டகை உண்டு. அதில் ஓர் உலை, ஒரு பட்டடைக் கல், ஒரு பழைய லேத்து, சில அரங்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் பெரியவர்கள் மாலை நேரத்தில் அங்கே பிள்ளைகளுக்குத் தொழில் கற்பித்தார்கள். அதனைச் சரக்குக் கிடங்காக வாடகைக்கு விடலாம் என்று நிருவாகக் குழுவில் ஒரு கருத்து எழுந்துள்ளது. வாடகைப் பணம் கல்வி உதவி நிதிக்குச் சேரும் என்று அவ்வன்பர்கள் கூறுகின்றனர். அவர்கள் நோக்கம் நல்லதே. அவர்களை நான் குறை கூறவில்லை. துறைமுகத்திற்கு இவ்வளவு அருகில் கிடங்குக்கு நல்ல வாடகை கிடைக்கும் என்பதும் உண்மையே.

ஆனால் எண்ணிப் பாருங்கள். நம் பிள்ளைகளிற் பலர் எஞ்சினீயர் பட்டம் பெறுகின்றனர், மகிழ்ச்சி. அவர்களில் எத்தனை பேர் ஓர் அரத்தைச் சமமாக ஓட்டக் கற்றிருக்கின்றனர்? ஐ.டி.ஐ.யில் படித்து டர்னராகவும் பிட்டராகவும் வெளிவரும் பிள்ளைகள் நன்றாக அரம் ஓட்டுகின்றனர். அவர்களை நாம் எந்த ஆண்டு விழாவில் மேடையேற்றி மாலை இட்டோம்? ஒரு பிள்ளைக்கு எழுத்தை மட்டும் கொடுக்கின்றோம். மற்றொரு பிள்ளைக்குக் கையை மட்டும் கொடுக்கின்றோம். வாட்டின் கருத்தையும் வில்கின்சனின் கையையும் ஒன்று சேரவிடாமல் நாமே நடுவில் சுவர் எழுப்புகின்றோம்.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, அக்கொட்டகையை வாடகைக்கு விடாது செப்பனிடல் வேண்டும். ஓய்வு பெற்ற தொழில் வல்லார் வாரத்தில் இரண்டு மாலை அங்கே வந்து கற்பிக்கலாம். எஞ்சினீயரிங் படிக்கும் பிள்ளையும் ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளையும் ஒரே பட்டடைக் கல்லின் இரு பக்கத்திலும் நிற்கட்டும். பெண் மக்களுக்கும் அங்கே இடம் உண்டாகட்டும். இன்னொன்றும் துணிந்து கூறுவேன்: நம் குலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கதவடைக்க வேண்டாம். இன்று நான் புகழ்ந்து பேசிய அர்தசீர் நம் குலத்தவர் அல்லர். நியூகோமனும் வாட்டும் நம் நாட்டவரும் அல்லர். இரும்பு, அடிக்கும் கையின் குலத்தைக் கேட்டுக்கொண்டு வளைவதில்லை. மீனவர் தெருப் பிள்ளை ஒருவன் வந்து படகு என்ஜினைப் பழுது பார்க்கக் கற்றுச் சென்றால், அதனால் நம் முன்னோர் பெருமை வளருமேயன்றிக் குறையாது.

இரண்டாவது, கல்வி உதவியிலும் பரிசிலும் கல்லூரிக்கு ஒரு தட்டு, தொழிற்பயிற்சிக்கு ஒரு தட்டு என்று வைத்தல் வேண்டா. இரண்டிற்கும் ஒரே மதிப்பு இருக்கட்டும். கோலக் சந்திரருக்குக் கொடுத்தது போல ஒருநாள் பரிசாக அன்றி, படிப்பு முடியும் வரையில் துணை நிற்கும் ஆதரவாக அஃது இருக்கட்டும்.

மூன்றாவது, நம் மாத வெளியீட்டில் திங்கள்தோறும் இரண்டு பக்கம் ஒதுக்கல் வேண்டும். பள்ளிப் பிள்ளை ஒருவர் தொழிலாளர் ஒருவரிடம் சென்று, அவர் தொழிலின் நுட்பத்தைக் கேட்டு எழுதிவரட்டும். வார்ப்பட மண் எப்படிப் பதப்படுத்துவது, எஃகுக்கு எந்த நிறத்தில் துவைச்சல் கொடுப்பது, பாய்லர்க் குழாயின் ஒழுக்கை எப்படிக் காண்பது என்று எதுவாயினும் ஆகுக. சொன்னவர் பெயரோடு அச்சிடுவோம். எழுத்துப் பிழையைத் திருத்தும் வேலையைத் தமிழாசிரியனாகிய நான் கைம்மாறு கருதாது ஏற்கின்றேன். பாட்டனாருக்குச் செய்யத் தவறியதை உங்கள் பாட்டன்மாருக்கேனும் செய்கின்றேன்.

வாடகை இழப்பு எவ்வளவு என்று பொருளாளர் அவர்கள் கணக்குக் காட்டலாம். அக்கணக்கை நான் மறுக்கமாட்டேன். ஆனால் திண்ணையில் அமர்ந்திருக்கும் ஒரு பெரியவர் மறையும்போது நாம் இழப்பது எவ்வளவு என்பதற்கு எந்தப் பேரேட்டில் பற்று எழுதுவது? இவ்விரண்டு கணக்கையும் ஒருங்கே வைத்துப் பார்த்து, அதன் பின்னர் முடிவு செய்யுங்கள் என்று மட்டும் வேண்டுகின்றேன்.

கூட்டம் முடிந்து வீடு திரும்பும்போது, இராயபுரம் ரெயில் நிலையத்தைக் கடந்து செல்வீர்கள். அத்தூண்களைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இங்கிருந்து முதல் வண்டி புறப்பட்டது என்று சொல்லுங்கள். அதற்கு 28 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கொல்லர் பொறி செய்தார் என்பதையும், அவர் பெயர் கோலக் சந்திரர் என்பதையும் உடன் சொல்லுங்கள். அவருக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு இந்நாளில் அவ்வளவே.



கை வாழ்க! எழுத்து வாழ்க! இரண்டும் கூடி வாழ்க!